ஐந்தில் தொடங்கிய ஏணி

அன்புள்ள ஐயா,

2147483647 ஒரு பகா எண் என்று எழுதியிருந்தீர்கள். அது 2³¹−1. அந்த 31உம் ஒரு பகா எண்; அது 2⁵−1. 5உம் ஒரு பகா எண்தான். இப்படி ஒவ்வொரு விடையையும் 2இன் அடுக்காகப் போட்டு 1ஐக் கழித்துக்கொண்டே போனால் முடிவில்லாமல் பகா எண்கள் கிடைக்குமா? அவ்வளவு பெரிய எண்ணை எப்படிச் சோதிப்பார்கள்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கிடைக்காது. நீங்கள் நிற்கும் படிக்கு அடுத்ததிலேயே ஏணி ஒடிந்துவிடுகிறது. அது ஒடிவதை எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

2147483647 பகா எண் என்பதைக் கணித மேதை ஆய்லர் 1772இல் இன்னொரு கணிதவியலாளரான பெர்னூலிக்கு எழுதிய ஒரு கடிதத்தில் தெரிவித்தார். அப்போது அவருக்குக் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது. அதன் வர்க்கமூலமான சுமார் 46,340 வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுப்பதென்றால் ஆயிரக்கணக்கான கணக்குகள். அதற்குத் தேவையே இல்லை. அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், 2இன் அந்த அடுக்கிலிருந்து 1ஐக் கழித்து வரும் எண்ணை மீதியின்றி வகுக்கும் எதுவும் அடுக்கின் இரு மடங்கால் வகுபடும் எண்ணோடு 1 கூட்டியதாகவே இருக்கும். 2¹¹−1 = 2047 = 23 × 89. பாருங்கள், 22+1, 88+1. தவிர, அந்த வகுஎண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7தான் வரும். இந்த இரண்டு சல்லடைகளில் சலித்தால் நானூறுக்கும் குறைவான எண்களே மிஞ்சும்.

சரி, உங்கள் அடுத்த படிக்கு வருவோம். 2இன் அடுக்கில் 2147483647ஐப் போட்டு 1ஐக் கழித்தால் வரும் எண்ணுக்கு 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். 2024இல் கண்டுபிடிக்கப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணுக்கே சுமார் 4 கோடியே 10 லட்சம் இலக்கங்கள்தான். ஆனாலும் இதை எழுதிப் பார்க்கவே வேண்டாம். 295257526626031 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது 4294967294 × 68745 + 1; இதில் 4294967294 என்பது நம் அடுக்கான 2147483647இன் இரு மடங்கு. அதாவது ஆய்லரின் அதே சல்லடையில் நிற்கும் எண். இப்போது 2ஐ வர்க்கப்படுத்தி, இந்த எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்துங்கள். இப்படி 31 முறை செய்தால் மீண்டும் 2 வந்து நிற்கும்! 31 முறை வர்க்கப்படுத்தினால் 2இன் அடுக்கு 2³¹ ஆகிறது, அதாவது நம் அடுக்கைவிட ஒன்று அதிகம்; அதனால் மீதி 2 என்று வந்தால் அந்த 64 கோடி இலக்க எண் இதனால் மீதியின்றி வகுபடுகிறது என்று பொருள். ஒரு சிறிய கணினி நிரல் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும். நீங்களே செய்து பாருங்கள், அந்த 2 திரும்பி வரும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

5இலிருந்து ஏறாமல் 2இலிருந்து ஏறினால் 3, 7, 127, அப்புறம் 2¹²⁷−1. எல்லாமே பகா எண்கள். கடைசியாகச் சொன்ன 39 இலக்க எண் பகா எண்தான் என்று 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகா நிறுவினார். அதற்கு மேலுள்ள படி பகா எண்ணா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அங்கே அடுக்கே 39 இலக்கம். அந்த எண்ணை முழுதாக எழுதி வைக்க உலகத்துக் கணினிகள் அத்தனையும் சேர்ந்தாலும் இடம் போதாது. ஆனால் அதற்கு ஒரு வகுஎண் அகப்பட்டால், 2ஐ 127 முறை வர்க்கப்படுத்திச் சரிபார்த்துவிடலாம்.