சர்வர் தரும் பதிலைப் பிடிக்கும் சூரிகாட்டா ரூல்கள்: கேள்வி பதில்

(சூரிகாட்டா: நெட்வொர்க்கில் போகும் தரவை ரூல்களோடு ஒப்பிட்டு, தாக்குதல் தெரிந்தால் அலர்ட் தரும் மென்பொருள்.)

கே: எங்கள் வெப் சர்வரிலிருந்து ‘யுஐடி=0(ரூட்)’ (ரூட் உரிமை கிடைத்தவன் ஐடி கமாண்ட் அடித்தால் வரும் சொல்) வெளியே போனால் அலர்ட் வர வேண்டும். ரூலில் இடப்பக்கம் எக்ஸ்டர்னல்_நெட் (வெளியுலகம்), வலப்பக்கம் ஹோம்_நெட் (நம் நெட்வொர்க்), போர்ட் 80 போட்டேன். ஒன்றும் வரவில்லை.

ப: அது ரிக்வெஸ்ட் வரும் திசை. பதிலை அனுப்புவது சர்வர், அதனால் ஹோம்_நெட்டும் 80-உம் இடப்பக்கம். ஃப்ளோவில் எஸ்டாப்ளிஷ்டு, டு_கிளையன்ட் (இணைப்பு ஏற்பட்டபின் கிளையன்ட்டுக்குப் போவது) என்று எழுதுங்கள். டிசிபிக்குப் பதில் எச்டிடிபி என்று தொடங்கினால் போர்ட்டே வேண்டாம், சூரிகாட்டா தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

கே: இப்படிப்பட்ட ரூல்களில் ஃபைல்.டேட்டா என்றும் எழுதுகிறார்களே, அது எதற்கு அண்ணா? வெறும் கன்டென்ட் (தேட வேண்டிய சொல்) போட்டு கர்லில் (கமாண்ட் லைனில் பக்கத்தை எடுக்கும் கருவி) சோதித்தேன், அலர்ட் வந்தது.

ப: வரும். கர்லுக்கு நாமாகச் சொன்னால் ஒழிய அது அக்செப்ட்-என்கோடிங் (பதிலைச் சுருக்கி அனுப்பலாம் என்று சொல்லும் ஹெடர்) அனுப்பாது, சர்வரும் பதிலைச் சுருக்காமல் தந்துவிடும். பிரவுசர் ஜிஜிப் என்ற சுருக்க முறையைக் கேட்கும். அப்போது வயரில் போவது சுருக்கிய பைட்டுகள், உங்கள் கன்டென்ட் அதற்குள் துழாவிக்கொண்டிருக்கும். சங்க்டு என்கோடிங் (பதிலைத் துண்டு துண்டாக அனுப்புவது) வேறு இருந்தால், சங்க்கின் நீளம் நடுவில் புகுந்து சொல்லையே இரண்டாக வெட்டிவிடலாம். ஃபைல்.டேட்டா சங்க்கை ஒட்டி, ஜிஜிப்பைப் பிரித்த பிறகு தேடும். அதை கன்டென்ட்டுக்கு முன்னால் எழுத வேண்டும். பின்னால் எழுதினால் பழையபடி கச்சா ஸ்ட்ரீமில்தான் தேடல். கர்லை மட்டும் நம்பி ரூலை ஏற்றாதீர்கள்.

கே: தாக்குகிறவன் பிரவுசரிலா வரப்போகிறான்? பைத்தான் ஸ்கிரிப்ட்தானே?

ப: பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி யாரும் சொல்லாமலே ஜிஜிப் கேட்கும்.

கே: இடி ஓப்பன் என்ற இலவச ரூல் தொகுப்பில் 2100498 எண் ரூல் இதே சொல்லைத்தான் தேடுகிறது. அதில் ஃபைல்.டேட்டா இல்லையே!

ப: நல்ல கேள்வி. அது ஐபி ரூல், எந்தப் போர்ட்டிலும் தேடும். எச்டிடிபி இல்லாமல் நெட்கேட் கருவியில் ஷெல் எடுத்தவனும் சிக்குவான். அதற்காக எழுதியது அது. ஜிஜிப் பதில் வந்தால் அதற்கும் கண் தெரியாது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கே (இன்னொருவர்): சர்வருக்கு முன்னால் நிற்கும் ரிவர்ஸ் ப்ராக்ஸியில் அக்செப்ட்-என்கோடிங்கை வெட்டிவிட்டால் தகராறே இல்லையே?

ப: ப்ராக்ஸிக்கும் சர்வருக்கும் நடுவில் சென்சார் (சூரிகாட்டா ஓடும் இடம்) இருந்தால் சரி, எச்டிடிபிஎஸ்ஸின் டிஎல்எஸ் மறையாக்கமும் அங்கே கழன்றிருக்கும். வெளியே போவதை ப்ராக்ஸியே சுருக்கட்டும். ஆனால் அலர்ட்டில் எல்லாம் ப்ராக்ஸி ஐபியாகவே தெரியும், சூரிகாட்டாவின் யாமல் அமைப்புக் கோப்பில் எக்ஸ்எஃப்எஃப்பை (உண்மையான கிளையன்ட் ஐபியைச் சொல்லும் ஹெடரைப் படிக்கும் வசதி) இயக்குங்கள். ஃபைல்.டேட்டாவை மட்டும் எடுக்காதீர்கள், சங்க் இன்னும் இருக்கிறது.

கே (ஃபைல்.டேட்டா பற்றிக் கேட்டவர்): சங்க் சரியாக அந்தச் சொல்லில் வெட்டுவது அபூர்வம் அண்ணா.

ப: அபூர்வம்தான். ஒரு வார்த்தை சேர்க்க இவ்வளவு வாதமா? அடுத்தவர் வரட்டும்.

கே: எச்டிடிபிஎஸ் தளத்தில் வேலை செய்யவில்லை.

ப: செய்யாது. டிஎல்எஸ் கழலாத இடத்தில் சென்சாருக்கு எதுவும் தெரியாது, மேலே சொன்னதுதான்.

கே: பெரிய பக்கத்தின் கடைசியில் இருப்பது சிக்கவில்லை.

ப: ரெஸ்பான்ஸ்-பாடி-லிமிட். யாமலில் 100 கேபி என்று வரும், அதற்கு மேல் பார்க்காது. 0 என்றால் வரம்பில்லை, மெமரியை விழுங்கும். சூரிகாட்டாவுக்குப் பதில் ஸ்னார்ட் 2 வைத்திருப்பவர்கள் சர்வர்_ஃப்ளோ_டெப்த்தைப் பாருங்கள். அங்கே 0 என்றால் முழுவதும், -1 என்றால் சர்வர் பதிலையே தொடாதே என்று அர்த்தம்.

கே: ரிக்வெஸ்டில் ஷெல் யூஆர்எல், பதிலில் 200 (வெற்றி). இரண்டையும் ஒரே ரூலில் பார்க்க முடியுமா?

ப: சூரிகாட்டா 7 வரை முடியாது. முதல் ரூல் யூஆர்எல்லைப் பார்த்து ஃப்ளோபிட் (அந்தக் கனெக்‌ஷனில் வைக்கும் அடையாளம்) செட் செய்து நோஅலர்ட் போடட்டும். இரண்டாவது ரூலில் ஐசெட் (பிட் இருக்கிறதா என்ற சோதனை), கூடவே எச்டிடிபி.ஸ்டாட்_கோட் 200. பல பக்கங்களுக்கும் திறந்தே இருக்கும் கீப்-அலைவ் கனெக்‌ஷனில் பிட் அப்படியே நிற்கும், அடுத்த பக்கத்தின் 200-க்கும் அலர்ட் அடிக்கும். வேலை முடிந்ததும் அன்செட் செய்யுங்கள். பதிப்பு 8-இல் இரு திசையையும் ஒரே ரூலில் எழுதலாம்.

கே: பதிலில் 500 (சர்வர் பிழை) வந்தாலே அலர்ட் வைக்கலாமா?

ப: வேண்டாம். அது வெப் சர்வர் லாக்கில் இருக்கிறது.

கே: கர்லில் வருகிறது, பிரவுசரில் வரவில்லை...

ப: மேலே படியுங்கள்.

கே: சர்வரிலேயே பிடித்த பிகேப்பை (பாக்கெட் பதிவுக் கோப்பு) சூரிகாட்டாவில் ஓட்டினால் எந்த ரூலும் அடிக்கவில்லை.

ப: செக்சம் (பாக்கெட்டின் சரிபார்ப்பு எண்). அந்தக் கணக்கை நெட்வொர்க் கார்டிடம் விட்டுவிடும் ஆஃப்லோடால் அது தப்பாகப் பதிவாகியிருக்கும். ‘-கே நன்’ கொடுத்து ஓட்டுங்கள்.

கே: சொந்த ரூலுக்கு எஸ்ஐடி (ரூலின் எண்) என்ன கொடுப்பது?

ப: 1000000 முதல் 1999999 வரை.