கம்பிப் பதமும் பொலியெஸ்டர் நூலும்

கேள்வி: நான் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறேன். உருகிய பொலியெஸ்டரை இழுத்துத்தான் நூல் செய்கிறார்களாம். அது அறுந்துபோகாதா? ஒரே தடிப்பில் எப்படி வருகிறது?
- வாசகி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, தீபாவளிக்கு எங்கள் லயத்தில் அம்மா பாகு காய்ச்சும்போது இரு விரலால் தொட்டு இழுத்துக் கம்பிப் பதம் பார்ப்பார். தண்ணீரை அப்படி இழுக்க முடியாது, துளியாக உடைந்துவிடும். பாகின் பிசுக்குமைதான், அதாவது எளிதில் ஓடாத கெட்டித் தன்மைதான், கம்பியைக் காக்கிறது. உருகிய பொலியெஸ்டரின் பிசுக்குமை தண்ணீரைப் போல் ஏறத்தாழ ஒரு இலட்சம் மடங்கு! அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

சுமார் 260 பாகை செல்சியஸில் உருகும் அதை இன்னும் சூடாக்கி, நுண்துளைகள் வழியே தள்ளுகிறார்கள். வெளியே வந்ததும் இழை சற்று உப்பும். பிறகு கீழே வேகமாகச் சுழலும் சில்லு அதை இழுக்கும். இழையின் வேகம் துளையில் இருந்ததைப் போல் 100 மடங்கானால் குறுக்குப் பரப்பு 100இல் ஒன்றாகும், அதாவது விட்டம் 10இல் ஒன்று.

தடிப்பு விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆறாமல் ஒரே வெப்பநிலையில் இருக்கும் எளிய திரவத்தை வைத்துக் கணக்குப் போட்டால், இழுப்பு சுமார் 20 மடங்கைத் தாண்டியதும் சில்லு சீராகச் சுழன்றாலும் இழை தடித்தும் மெலிந்தும் அலைபாயும். ஆலையில் அதைவிடப் பல மடங்கு இழுக்க முடிவது குளிர்காற்றால்தான். மெலிந்த இடம் முதலில் ஆறி இறுகும், அப்புறம் அங்கே இழுபடாது. சில்லை எட்டுமுன்பே இழை கெட்டியாகிவிடும்.