கல்லூரி ப்ராஜெக்டுக்கு உரிமம் இல்லாத ஃபான்ட் பயன்படுத்தலாமா?

'மார்க்குக்காகத்தானே செய்கிறேன், விற்கவில்லையே' என்று கேட்டிருக்கிறீர்கள். விற்காவிட்டாலும் உரிமம் வேண்டும்.

அமெரிக்காவில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் ஃபான்ட் கோப்பு ஒரு கணினி நிரல், அதற்கு உண்டு. அடோபி என்ற மென்பொருள் நிறுவனம் தொடுத்த வழக்கில் 1998-ல் அப்படித்தான் தீர்ப்பு வந்தது. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் சலுகை தருகிறது. ஆனால் கணினி நிரல்களுக்கு அது பொருந்தாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. ஃபான்டை நிரலாக எடுத்துக்கொண்டால் அந்த வழியும் அடைபடும்.

சரி, வகுப்பறை ப்ராஜெக்டுக்கு யாராவது வழக்குப் போடுவார்களா? அநேகமாக மாட்டார்கள். ஆனால் அதே வேலை நாளை உங்கள் போர்ட்ஃபோலியோவில் ஏறும்; அப்போது எல்லோரும் பார்ப்பார்கள்.

எனக்குச் சட்டத்தைவிட இதுதான் பெரிது: தமிழ் ஃபான்ட் செய்பவர் 247 எழுத்துகளுக்கும் வடிவம் யோசிக்க வேண்டும். கு, கூ வரிசைகளை ஒவ்வொன்றாக வரைய வேண்டும். நாளை நீங்களும் அந்த இடத்தில் இருக்கலாம்.

நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான் (Catamaran), முக்த மலர், மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. குறிப்பிட்ட ஒரு ஃபான்ட்தான் வேண்டுமென்றால், வடிவமைப்பாளருக்கே மின்னஞ்சல் போட்டு மாணவர் என்று சொல்லிக் கேளுங்கள். சில நிறுவனங்கள் சோதனைப் பதிப்பும் தருகின்றன.