நாற்பது நிமிட நகல், இருபது நிமிடப் பிரிவு: டி.என்.ஏ இரட்டிப்பாதல் குறித்த கேள்வி பதில்

கல்லூரியில் மூலக்கூறு உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில், செல்கள் தம் டி.என்.ஏ-வை நகலெடுக்கும் விதம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்துள்ளேன். தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவிலும் நம் செல்லிலும் நொதிகள் செய்யும் வேதிவேலை ஏறக்குறைய ஒன்றே. எத்தனை இடங்களில் தொடங்குவது, எப்போது தொடங்குவது, நகலெடுத்த இடத்தை மறுபடி நகலெடுக்காமல் எப்படித் தடுப்பது ஆகியவற்றில்தான் இரண்டும் பெரிதும் வேறுபடுகின்றன.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி): ஒரு இழை தொடர்ச்சியாகவும் மற்றொன்று துண்டு துண்டாகவும் உருவாகிறது என்று பாடத்தில் படித்தேன். எதிர்த் திசையில் கட்டக்கூடிய ஒரு நொதி இருந்திருந்தால் இந்தச் சிரமமே இருக்காதே, ஐயா?

இக்கேள்வியைக் கேட்காமல் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். நீங்கள் கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. டி.என்.ஏ-வின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. நகலெடுக்கும் நொதியான டி.என்.ஏ பாலிமரேஸோ, புதிய இழையின் 3' முனை எனப்படும் ஒரு நுனியில் மட்டுமே அடுத்த நியூக்ளியோடைடை (டி.என்.ஏ-வின் ஓர் அலகை) சேர்க்க வல்லது. ஆகவே கவை (இரு இழைகளும் பிரியும் இடம்) திறந்துகொண்டு போகும் திசையிலேயே ஒரு புதிய இழை நீளமாக வளர்கிறது. மற்றதோ, கவை சற்றுத் திறக்கும் வரை காத்திருந்து, பின்னோக்கி ஒரு துண்டு, மீண்டும் சற்றுத் திறந்தபின் இன்னொரு துண்டு என்று உருவாகிறது.

எதிர்த் திசையில் ஏன் கட்டவில்லை என்பதற்குப் பிழைதிருத்தத்தை வைத்தே பொதுவாக விளக்கம் தருகிறோம். ஒரு நியூக்ளியோடைடை இணைப்பதற்கான ஆற்றல் மூன்று பாஸ்பேட்டுகளின் வடிவில் இருக்கிறது. இப்போதைய திசையில், புதிதாக வந்து சேரும் நியூக்ளியோடைடே அந்த ஆற்றலைத் தன்னோடு கொண்டுவருகிறது. தவறான ஒன்று சேர்ந்துவிட்டால், பாலிமரேஸ் அதை வெட்டி எறிந்துவிட்டு, அடுத்து வருவதைக் கொண்டு வேலையைத் தொடரலாம். எதிர்த் திசையில் கட்டினால் அந்த ஆற்றல் வளரும் இழையின் நுனியில் இருக்க வேண்டியிருக்கும். பிழையை வெட்டியதும் ஆற்றலும் போய்விடும், இழை அங்கேயே நின்றுவிடும். துண்டு துண்டாகக் கட்டுவதன் சிரமத்தைவிடத் திருத்த முடியாத நகலின் கேடு பெரிது.

இத்துண்டுகளுக்குப் பெயர் தந்தவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரெய்ஜி ஒகசாகி, சுனெகோ ஒகசாகி தம்பதியர். 1960-களில் அவர்கள் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு, டி.என்.ஏ கட்டப் பயன்படும் தைமிடினைக் கதிரியக்க வடிவில் சில நொடிகள் மட்டும் கொடுத்து உடனே நிறுத்தியபோது, புதிய டி.என்.ஏ சிறு துண்டுகளாகவே கிடைத்தது. கூடுதல் நேரம் கொடுத்தபோது அதே கதிரியக்கம் நீண்ட இழைகளில் தென்பட்டது. ஹிரோஷிமாவில் பிறந்து, சிறுவனாக அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளான ரெய்ஜி 1975-இல் இரத்தப் புற்றுநோயால் 44 வயதில் காலமானார். ஒவ்வொரு துண்டும் ஒரு சிறு ஆர்.என்.ஏ தொடக்கியுடன் (பாலிமரேஸ் நீட்டத் தொடங்குவதற்கான குறுந்துண்டுடன்) ஆரம்பிக்கிறது என்பதை நிறுவும் பணியைச் சுனெகோ தொடர்ந்து நடத்தினார். பாக்டீரியாவில் இத்துண்டுகள் 1,000 முதல் 2,000 நியூக்ளியோடைடுகள் நீளமுள்ளவை. நம் செல்களில் 100 முதல் 200 மட்டுமே.

கேள்வி (மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்): ஈ. கோலை தன் டி.என்.ஏ-வை நகலெடுக்க 40 நிமிடம் ஆகிறது என்கிறோம். நல்ல ஊட்டத்தில் அது 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிகிறது என்றும் சொல்கிறோம். மாணவர்கள் கணக்குப் போட்டுக் காட்டிக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

மாணவர்களின் கணக்கு சரியே. நாம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஈ. கோலையின் குரோமோசோம் ஏறத்தாழ 46 லட்சம் இணைகள் (இரு இழைகளிலும் எதிரெதிரே பொருந்தும் நியூக்ளியோடைடு ஜோடிகள்) கொண்ட ஒரு வளையம். அதில் தொடக்க இடம் ஒன்றே ஒன்று. அதன் நீளம் சுமார் 245 இணைகள். அங்கே டி.என்.ஏ.ஏ என்னும் புரதம் கூட்டமாக அமர்ந்து இழைகளைப் பிரிக்க, இரண்டு கவைகள் இரு பக்கமாகக் கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் நொடிக்கு ஏறத்தாழ 1,000 இணைகள் வீதம் ஓடி, வளையத்தின் எதிர்ப்புறத்தில் சந்திக்கின்றன. இதற்குத்தான் 40 நிமிடம். நகல் முடிந்தபின் செல் இரண்டாகப் பிரிய மேலும் 20 நிமிடம் தேவை. ஆக, தொடக்கத்திலிருந்து பிரிவு வரை 60 நிமிடம்.

இப்போது பின்னோக்கி எண்ணுங்கள். இன்று பிரியும் ஒரு செல் 20 நிமிடத்துக்கு முன் பிறந்தது. அதன் தாய் 40 நிமிடத்துக்கு முன். அதன் பாட்டி 60 நிமிடத்துக்கு முன். அப்படியானால் இப்பிரிவுக்குத் தேவையான நகலெடுப்பு, பாட்டி பிறந்த கணத்திலேயே தொடங்கிவிட்டது. முதல் சுற்றுக் கவைகள் பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவற்றின் பின்னால் புதிதாக உருவான தொடக்க இடங்களில் அடுத்த சுற்று கிளம்பிவிடுகிறது. இவ்வளவு வேகமாக வளரும் செல் ஒன்றில் எட்டுத் தொடக்க இடங்கள் வரை இருக்கலாம். புதிதாகப் பிறக்கும் செல் பாதி நகலெடுத்து முடித்த குரோமோசோமுடனேயே பிறக்கிறது. இக்கணக்கை 1968-இல் கூப்பரும் ஹெல்ம்ஸ்டெட்டரும் வகுத்துக் கொடுத்தனர். கரும்பலகையில் வளையத்துக்குள் வளையமாக வரைந்து காட்டினால் மாணவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

இதைக் கட்டுப்பாடில்லாத ஓட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை தொடங்கிய இடம் உடனடியாக மறுபடி தொடங்காதபடி அங்கே ஒரு தடை விழுகிறது. பழைய இழையில் ஜி-ஏ-டி-சி என்ற வரிசை வரும் இடங்களில் மீத்தைல் என்னும் சிறு வேதிக்குறி இருக்கும். புதிய இழையில் அது இன்னும் இடப்பட்டிருக்காது. இந்த ஒருபக்கக் குறியை அடையாளம் கண்டு, செக்-ஏ என்னும் புரதம் தொடக்க இடத்தைச் சிறிது நேரம் மூடி வைக்கிறது.

கேள்வி (நீட் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்): மனித செல்லில் பாலிமரேஸ் பாக்டீரியாவைவிட மிக மெதுவானது என்றும், நம் டி.என்.ஏ ஆயிரம் மடங்குக்கு மேல் பெரியது என்றும் படித்தேன். பிறகு எப்படி எட்டு மணி நேரத்தில் முடிகிறது?

கணக்காகவே பார்ப்போம். நம் முதலாம் குரோமோசோமில் ஏறத்தாழ 24.8 கோடி இணைகள் உள்ளன. நம் கவை நொடிக்குச் சுமார் 50 இணைகள்தான் நகர்கிறது, டி.என்.ஏ ஹிஸ்டோன் புரத உருளைகளில் சுற்றப்பட்டிருப்பதும், கவை கடந்தபின் அவ்வளவையும் மறுபடி சுற்றிவைக்க வேண்டியிருப்பதும் இம்மந்தத்துக்கு ஒரு காரணம். நடுவில் ஒரே ஒரு தொடக்க இடம் இருந்து, இரு கவைகள் எதிரெதிராக ஓடினால், அந்த ஒரு குரோமோசோமை முடிக்கவே ஏறத்தாழ 29 நாட்கள் ஆகும். ஆகவே நம் செல் பல்லாயிரம் இடங்களில் வேலையைத் தொடங்குகிறது. மொத்தம் 30,000 முதல் 50,000 வரை என்று மதிப்பிடுகின்றனர். பழ ஈயின் தொடக்கக் கருவில் தொடக்க இடங்கள் மேலும் நெருங்கி அமைவதால், முழு நகலும் மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

ஆனால் தொடக்க இடங்கள் இத்தனை இருக்கும்போது வேறொரு ஆபத்து வருகிறது. இவற்றில் ஏதேனும் ஒன்று ஒரே செல் சுழற்சியில் இருமுறை கிளம்பிவிட்டால், அப்பகுதியில் ஜீன்கள் மிகுந்துபோகும், இழைகள் உடையும், செல் கெட்டுப்போகும். பாக்டீரியாவைப்போல் முடியும் முன்பே அடுத்த சுற்றைத் தொடங்கும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. இதற்கு நம் செல் கண்ட வழியை நான் மிகவும் வியக்கிறேன். இழைகளைப் பிரிக்கும் எம்.சி.எம் என்னும் ஆறு புரதங்களாலான வளையங்கள், நகலெடுப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்திலேயே டி.என்.ஏ-வின்மேல் இரண்டிரண்டாகப் பொருத்தப்படுகின்றன. ஆனால் அப்போது அவை இயங்குவதில்லை. நகலெடுக்கும் எஸ் கட்டம் தொடங்கியதும் கைனேஸ் நொதிகள் அவற்றை இயக்குகின்றன. அதே நேரத்தில் புதிய வளையங்களைப் பொருத்தும் வாயிலும் அடைபடுகிறது. பொருத்தும் புரதமான சி.டி.டி1 சிதைக்கப்படுகிறது, எஞ்சுவதை ஜெமினின் என்னும் புரதம் கட்டிப்போடுகிறது. பொருத்தும் காலத்தில் இயக்கம் இல்லை. இயக்கும் காலத்தில் பொருத்தம் இல்லை. இதற்கு ‘உரிமம் வழங்குதல்’ என்று பெயர். ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் சாற்றை வைத்து ஜூலியன் ப்ளோ, ரான் லாஸ்கி ஆகியோர் 1988-இல் இக்கருத்தை முன்வைத்தனர்.

உரிமம் பெற்ற எல்லா இடங்களும் கிளம்புவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல இடங்கள் இருப்பாகக் காத்திருக்கின்றன. அருகிலுள்ள கவை தடைப்பட்டு நின்றுவிட்டால் அவை கிளம்பி, விடுபட்ட பகுதியை முடித்துக்கொடுக்கின்றன.

கேள்வி (மருந்தாளுநர்): சிப்ரோஃப்ளாக்சசின் பாக்டீரியாவின் கைரேஸைத் தாக்குகிறது என்று படித்திருக்கிறேன். நம் செல்லிலும் முறுக்கெடுக்கும் நொதிகள் உண்டல்லவா?

உண்டு. இரட்டைச் சுருளில் ஒரு சுற்றுக்குச் சுமார் 10.5 இணைகள். நொடிக்கு 1,000 இணைகள் வீதம் பிரித்தால், கவைக்கு முன்னால் நொடிக்கு ஏறத்தாழ 95 சுற்று முறுக்கு ஏறும். அதை எடுக்காவிட்டால் கவை நின்றுவிடும். கைரேஸ் இரு இழைகளையும் வெட்டி, இன்னொரு பகுதியை அவ்வழியே கடத்தி, மீண்டும் ஒட்டுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் வெட்டிய நிலையிலேயே நொதியைப் பிடித்து நிறுத்திவிடுவதால், பாக்டீரியாவின் டி.என்.ஏ உடைந்துபோகிறது. நம் டோப்போஐசோமரேஸ் இதே வேலையைச் செய்தாலும், மருந்து பொருந்தும் இடத்தின் அமைப்பு வேறு. சிகிச்சை அளவில் மருந்து அதைப் பெரிதாகப் பற்றுவதில்லை. நம்முடைய நொதியையே அதே வகையில் பிடித்து நிறுத்தும் மருந்தும் இருக்கிறது: புற்றுநோய்க்குத் தரப்படும் எட்டோப்போசைட்.

கேள்வி (ஆய்வகத் தொழில்நுட்பர்): நகலெடுக்கும்போது எத்தனை பிழைகள் நேர்கின்றன?

பாலிமரேஸ் தேர்ந்தெடுக்கும்போது ஏறத்தாழ லட்சத்துக்கு ஒன்று. அதுவே திரும்பிப் பார்த்து வெட்டித் திருத்துவதால் கோடிக்கு ஒன்று. அதன் பிறகும் தப்பியவற்றைப் பொருந்தா இணைத் திருத்தம் என்னும் அமைப்பு தேடிப் பிடிப்பதால், நூறு கோடிக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. நம் செல் ஒன்று 600 கோடிக்கும் மேற்பட்ட இணைகளை நகலெடுத்து முடிக்கையில் விரல்விட்டு எண்ணத்தக்க பிழைகளே எஞ்சுகின்றன. மூன்றாவது கட்டத்தில் ஈ. கோலை எந்த இழை பழையது என்பதை, மேலே சொன்ன மீத்தைல் குறியைக் கொண்டே அறிகிறது. இதை விளக்கிய பால் மாட்ரிச்சுக்கு 2015-இல் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இத்திருத்த அமைப்பின் ஜீன் ஒன்று பழுதுபட்டுப் பரம்பரையாக வந்தால், லிஞ்ச் நோய்க்குறி உண்டாகிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு இந்நோய்க்குறி உள்ளவர்களுக்கு மிகவும் கூடுதல்.

கேள்வி (வாசகர் ஒருவர்): ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் டி.என்.ஏ நுனி குறைகிறது, அதனால்தான் முதுமை வருகிறது என்பது உண்மையா?

முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை அப்படியே ஏற்பதற்கில்லை. வளையமான டி.என்.ஏ-வுக்கு நுனியே இல்லாததால் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு இச்சிக்கல் இல்லை. நம் குரோமோசோம் நீள்கோடு. துண்டு துண்டாக உருவாகும் பின்தங்கும் இழையின் கடைசித் தொடக்கி நீக்கப்பட்டதும், அவ்விடத்தை நிரப்ப வழியில்லை. இதனால் இழப்பு ஏற்படினும் ஜீன்களுக்குக் கேடு வராதபடி, டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற வரிசை நுனியில் ஆயிரக்கணக்கான இணைகள் நீளத்துக்கு அடுக்கப்பட்டிருக்கிறது. விந்து, முட்டை ஆகியவற்றை உருவாக்கும் செல்களில் டெலோமரேஸ் நொதி இந்நீளத்தை மீட்டுத் தருகிறது. குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியில் எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் 1984-இல் இதைக் கண்டனர். ஜாக் ஷோஸ்டாக்குடன் 2009-இல் நோபல் பரிசு பெற்றனர். முதுமைக்கு நுனி குறைதல் ஒரு காரணம். ஒரே காரணம் அன்று. டெலோமரேஸைத் தூண்டி இளமையைத் தருவதாகச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகளை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். பத்தில் ஒன்பது புற்றுநோய்களில் விழித்திருப்பதும் அதே நொதிதான்.

கேள்வி (இளநிலை உயிரியல் மாணவி): இவ்வளவையும் யாரேனும் கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

நேரில் பார்ப்பதற்கு மிக அருகில் சென்றவர் ஜான் கெய்ர்ன்ஸ். 1963-இல் அவர் ஈ. கோலையைக் கதிரியக்க ஹைட்ரஜன் கலந்த தைமிடினில் வளர்த்து, செல்லை மென்மையாகத் திறந்து, வெளிவந்த டி.என்.ஏ-வின்மேல் ஒளிப்படப் பசையைப் பூசி, ஏறத்தாழ இரண்டு மாதம் இருட்டில் வைத்திருந்தார். கதிர்கள் பட்ட இடமெல்லாம் கரும்புள்ளிகள். அவற்றைத் தொடர்ந்து பார்த்தால், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் ஒரு வளையம். அதனுள் ஒரு பகுதி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடியிருந்தது. அதுவே நகலெடுத்துக்கொண்டிருந்த பகுதி. 1968-இல் ஹூபர்மனும் ரிக்ஸும் இதே முறையைப் பாலூட்டியின் செல்களில் கையாண்டபோது, ஒரே இழையின்மேல் புள்ளிக்கோடுகள் இடைவெளி விட்டு விட்டு வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு கோடும் தன் நடுவிலிருந்து இருபுறமும் நீண்டுகொண்டிருந்தது.