முட்கம்பியில் குத்தப்பட்ட ஓணான்: கீச்சானின் வேலையா?

மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் வேலியின் முட்கம்பியில் ஓணானும் வெட்டுக்கிளியும் குத்தப்பட்டிருந்ததைக் கண்டு, இது சிறுவர்களின் விளையாட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது பழுப்புக் கீச்சானின் வேலைதான். சைபீரியா, மொங்கோலியா போன்ற வட நிலங்களில் இனப்பெருக்கம் செய்து, மாரி விதைப்புக் காலத்தையொட்டி இங்கு வந்து, சித்திரை வரை தங்கும் வலசைப் பறவை இது.

கண்ணின் குறுக்கே கருப்புப் பட்டையுடன், வேலிக்கட்டையின் உச்சியில் அசையாமல் அமர்ந்து தரையை நோட்டமிடும் இப்பறவை, இரை அசைந்ததும் பாய்ந்து கௌவும். பருந்தைப் போல வளைந்த அலகும், மேலலகின் ஓரத்தில் பல் போன்ற கூர்முனையும் உண்டு. ஆனால் பருந்துக்குரிய வலிய நகங்கள் கிடையாது. பெரிய இரையைக் காலால் அழுத்திப் பிடித்துக் கிழிக்க முடியாததால்தான், அதை முள்ளில் மாட்டி, அலகால் பிய்த்துத் தின்கிறது. சிறு பூச்சிகளுக்கு இந்தச் சிரமம் தேவையில்லை. அவற்றை அப்படியே விழுங்கிவிடும்.

கீச்சான்கள் முதுகெலும்புள்ள இரையைப் பிடரியில் கடித்தே கொல்கின்றன. வட அமெரிக்கக் கீச்சான் இனம் ஒன்றைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வு, அது எலியைக் கழுத்தில் கௌவி, நொடிக்குச் சுமார் 11 தடவை உதறுவதை அளந்து காட்டியது. அதே இனம் நச்சு வெட்டுக்கிளியை முள்ளில் குத்தி, நஞ்சு தணியும்வரை ஓரிரு நாள் விட்டுவைத்தே உண்ணும். பாடும் பறவைகளின் வரிசையில் கீச்சானுக்கும் இடமுண்டு என்பதை நம்பச் சற்றுச் சிரமம்தான்.

குத்திய இரையை அகற்றிவிடாதீர்கள். கீச்சான் திரும்பி வரக்கூடும்.