டியூபை எடுப்பதுதான் முதல் வேலை

கேள்வி: என் கணவருக்கு வயது 36. ஐந்து மாதத்துக்கு முன் பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தது, ஆபரேஷன் ஆனது. தொப்புளுக்குக் கீழே உணர்வில்லை, கைகள் நன்றாக இருக்கின்றன. யூரின் டியூபோடு படுத்தே இருக்கிறார். இடுப்புக்குப் பின்னால் புண் வேறு. தினமும் எண்ணெயைச் சூடாக்கிக் கால்களில் தேய்த்துவிடுகிறேன். எப்போது நடப்பார்?
- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தச் சூடான எண்ணெயை நிறுத்துங்கள். ஒத்தடமும் வேண்டாம். சுட்டாலும் அவருக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும்.

தொப்புள் மட்டத்தில் உணர்வு நிற்கிறது என்றால் டி-10 அளவில், அதாவது மார்புப் பகுதியின் பத்தாவது நரம்பு மட்டத்தில், தண்டுவடம் அடிபட்டிருக்க வேண்டும். ஆசனவாயைச் சுற்றி உணர்வோ, இறுக்கும் சக்தியோ கொஞ்சமாவது மிச்சமிருக்கிறதா என்று மருத்துவர் சோதித்துச் சொல்லட்டும். இருந்தால் கால்களில் முன்னேற்றத்துக்கு வாய்ப்பு கூடுதல். ஐந்து மாதமாகியும் அங்கே எதுவும் இல்லையென்றால், பழையபடி நடப்பது மிகவும் அரிது. ஆனால் கைகள் நன்றாக இருப்பவர் தானே எழுந்து உட்கார்ந்து, குளித்து, உடுத்தி, சக்கர நாற்காலியில் வேலைக்கும் போகலாம். இதற்காக நடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அதற்குக் குறுக்கே நிற்பது அந்த டியூப். மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் சிறுநீர்ப்பை சுருங்கும், கல் சேரும், கிருமித் தொற்று விடாது. நீங்களாகக் கழற்றிவிடாதீர்கள். ஸ்கேனும் சிறுநீர்ப்பை அழுத்தப் பரிசோதனையும் பார்த்து மருத்துவர் சம்மதித்தால், நேரத்துக்கு நேரம் அவரே மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றி, உடனே குழாயை எடுத்துவிடும் முறைக்கு மாறலாம். செய்ய வேண்டியவர் அவர்தான், நீங்கள் அல்ல. சோப்பால் கை கழுவி, உறுப்பைச் சுத்தம் செய்து, 12 அல்லது 14-ஆம் எண் மெல்லிய குழாயில் ஜெல் தடவி, உறுப்பை வயிற்றுப் பக்கம் நிமிர்த்திப் பிடித்து மெதுவாகச் செலுத்த வேண்டும். பாதியில் தடுத்தால் அழுத்தித் தள்ளக் கூடாது. மூச்சை இழுத்து விட்டால் தசை தளரும். சிறுநீர் வந்ததும் இன்னும் இரண்டு செ.மீ. உள்ளே. நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள்; வழியில் மறுபடி சொட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். தேங்கி நிற்கும் மிச்சத்தில்தான் கிருமி வளர்கிறது.

நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு தடவைக்கு 500 மில்லியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இடைவெளியைக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். நாளுக்கு இரண்டு லிட்டர், பகலில் பிரித்துக் குடிக்கட்டும். அளவுக் குவளையும் நோட்டும் பக்கத்திலேயே இருக்கட்டும். சிறுநீர் கலங்கியிருக்கிறதே என்று மட்டும் ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். குளிர்க்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

புண்ணுக்குக் காற்று ரிங் வாங்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். அதன் விளிம்பே சுற்றியுள்ள சதைக்கு ரத்தம் போகாமல் தடுக்கும். இரண்டு மணிக்கு ஒரு முறை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்புங்கள். புண் ஆறும்வரை மல்லாக்கப் படுக்கவே வேண்டாம். தலையணையில் பாதி சாய்ந்தபடி டி.வி. பார்ப்பதுதான் பெரிய எதிரி: உடல் சரியச் சரிய வால் எலும்பின் மேல் தோல் இழுபட்டுக் கிழியும். நாற்காலியில் உட்காரும் காலத்தில் கால்மணிக்கு அரைமணிக்கு ஒருமுறை மார்பு தொடையில் படும்படி முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். கையூன்றி எழும்பி உடனே உட்கார்ந்தால் போதாது, ரத்தம் திரும்ப நேரம் வேண்டும். காலையும் இரவும் கண்ணாடி வைத்து அவரே தோலைப் பார்க்கட்டும்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் பழக்கத்தை, முதுகெலும்பு கூடிவிட்டது என்று சர்ஜன் சொன்ன பிறகு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கத் தொடங்குங்கள். கயிற்றுக் கட்டில் ஆகாது, குழியும். நாற்காலியின் உயரத்துக்குக் கட்டிலைக் கட்டை வைத்துச் சமன் செய்யுங்கள். நாற்காலியைச் சற்றே சாய்வாக ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டு, கட்டில் பக்கக் கைப்பிடியைக் கழற்றி, பாதங்களைத் தரையில் வைத்து, தலையை எதிர்ப்பக்கம் தாழ்த்தினால் இடுப்பு தானாகத் தூக்கும். இழுத்து நகர்ந்தால் புண் வரும். நீங்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கவும் வேண்டாம். அவர் தோளும் போகும், உங்கள் இடுப்பும் போகும்.

மலத்துக்கு தினமும் ஒரே நேரம், சாப்பிட்டு அரை மணிக்குப் பின் கமோட் நாற்காலி. விரலால் தூண்டும் முறையை நர்ஸ் கற்றுத்தருவார். வாசற்படிக்குச் சாய்தளம் போடும்போது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விடுங்கள்.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் தங்கிக் கற்கலாம். உங்களுக்குப் பக்கம் தென்காசி அருகே ஆய்க்குடி அமர் சேவா சங்கம். 1981-ல் அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் தாமே தண்டுவடக் காயம் பட்டவர். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966 முதல் இயங்குகிறது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, எம்.ஆர்.ஐ. பிலிம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, சிறுநீர்க் கணக்கு நோட்டு நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். அட்டை இன்னும் வாங்கவில்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.