பிரமிட் திட்டங்களில் படித்தவர்கள்கூட எப்படிப் போய் மாட்டுகிறார்கள்? உளவியல் இதற்கு ஏதாவது சொல்கிறதா?

புதிதாகச் சேர்கிறவர்களின் காசில் முன்பு சேர்ந்தவர்களுக்குக் கொடுத்து ஓடும் இந்தத் திட்டங்கள் ஒன்றில் உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் ஏற்கெனவே சேர்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அப்பாவோ, அத்தானோ. நீங்கள் சொல்லிப் பார்த்திருப்பீர்கள், "உனக்கு இது விளங்காது" என்று வாயை அடைத்திருப்பார்கள். சும்மா இருக்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

நான் உளவியல் படித்தவள் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன், புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். பட்டதும் அதன் பிறகு தேடி வாசித்ததும்தான் இங்கே எழுதுவது. பிழை இருந்தால் திருத்துங்கள், பட்டம் எங்கே என்று கேட்டு வராதீர்கள்.

"பேராசை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பதில்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். என் சித்தப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு மடக்கை சொல்லிக் கொடுத்தவர். பஸ்ஸில் மீதிக்காசு கூடுதலாக வந்தால் நெரிசலுக்குள் திரும்பிப் போய்க் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த காசின் பெறுமதி கண்ணுக்கு முன்னாலேயே கரைந்தது. அந்தப் பயத்தோடு இருந்த மனிதரிடம் "மாதாமாதம் டொலரில் வருமானம்" என்று வந்தவன் முன்பின் தெரியாத ஆள் இல்லை. மாமியின் மருமகன். சொந்தக்காரப் பெடியன் பொய் சொல்வான் என்று யார் நினைப்பார்கள்?

பெருக்கல் அவருக்குத் தெரியாததா? ஒருவர் ஐந்து பேரைச் சேர்த்தால் 5, 25, 125 என்று போய்ப் பதினோராவது படியில் 4 கோடி 88 இலட்சம் பேர் வேண்டும். இலங்கையின் மொத்தச் சனத்தொகையே இரண்டே கால் கோடிக்குள். இதை ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். "கணக்குச் சரி பிள்ளை. ஆனால் இது அப்படியில்லை" என்றார். அவ்வளவுதான், கணக்கு அதோடு முடிந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் கூட்டம். சித்தப்பாவின் மரியாதைக்காகப் போனேன். வாசலில் மீன் ரோல்ஸ், பிளேன்டீ. முன்வரிசை முழுக்க எங்கள் ஆட்கள். மருமகப் பிள்ளை அந்த வெக்கையிலும் கோட் போட்டுக்கொண்டு நின்றார். போனில் ஒரு செயலியைத் திறந்து தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார், அதில் டொலர் மீதி நொடிக்கு நொடி ஏறியது. "முதல் மாதமே காசு எடுத்தவர்கள் கையைத் தூக்குங்கோ" என்றார். ஒவ்வொரு கையாகத் தூக்க, நான் கைகளைப் பார்க்கவில்லை, தூக்காதவர்களின் முகத்தைப் பார்த்தேன். ஏதோ தாங்கள்தான் கடைசியாக வந்து நிற்கிறோம் என்பதுபோல ஒரு தவிப்பு. பக்கத்தில் இருந்த அக்கா ஹாண்ட்பாக்கைத் திறந்து உள்ளே இருந்த காசை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார்.

இந்தத் தவிப்பை 1950களில் அமெரிக்காவில் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அளந்து பார்த்திருக்கிறார். ஒரு அறையில் கொஞ்சம் மாணவர்கள். முதலில் ஒரு கோட்டைக் காட்டி, பிறகு காட்டும் மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சின்னப்பிள்ளைக்கும் தெரியும் விடை. ஆனால் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆய்வாளரின் ஆட்கள், சொல்லிவைத்தாற்போல் பிழையான கோட்டைச் சொல்வார்கள். அப்படியான சுற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு விடை கூட்டத்தோடு சேர்ந்து பிழைத்தது. நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு போனார்கள். பிறகு விசாரித்தபோது சிலர், இத்தனை பேர் சொன்னால் பிழை தங்கள் கண்ணில்தான் இருக்க வேண்டும் என்று எண்ணியிருந்தார்கள். சிலருக்குக் கூட்டம் சொல்வது பிழை என்று தெரியும், தனியே தெரியப் பயந்து ஆமாம் போட்டார்கள்.

இதை வைத்து "மனிதர்கள் ஆட்டுமந்தை" என்று எழுதுகிறவர்களுக்கு: மூன்றில் இரண்டு விடைகள் சரியாகத்தான் வந்தன. நாலில் ஒருவர் கடைசிவரை அசையவே இல்லை. கோடு வேறு காசு வேறு என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு அந்த ஆய்வில் பிடித்த இடம் இன்னொன்று. கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான விடை சொல்லவைத்தபோது, பிழையோடு ஒத்துப்போவது சடாரென்று விழுந்துவிட்டது. அந்த ஒருவர் சரியான விடைக்குப் பதிலாக வேறொரு பிழையைச் சொன்னால்கூட அது குறைந்தது. ஒருமித்த குரலில் ஒரு கீறல் விழுந்தால் போதும்.

மண்டபத்தில் நான் எழும்பி, "பொருள் எதுவும் விற்கவில்லையே தம்பி, இந்தக் காசு எங்கேயிருந்து வருகிறது?" என்று கேட்டேன். "அக்கா, நெகட்டிவ்வாக யோசிக்கிறவர்களுக்கு இது சரிவராது" என்றார். சனம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு நான் உட்கார்ந்திருப்பேன். அப்போது பின்வரிசையிலிருந்து, வீட்டில் மிளகாய்த்தூள் இடித்துப் பக்கட் போட்டு விற்கிற மாமி ஒருவர், "அதைத்தான் நானும் கேட்க இருந்தனான். நான் தூள் வித்தாத்தான் எனக்குக் காசு. உங்களுக்கு எது?" என்றார். அவருக்கு எதிராக யாரும் சிரிக்கவில்லை. பிறகு இன்னொருவர் மத்திய வங்கி ஏதோ தடைப்பட்டியல் போட்டதே என்று கேட்டார். அன்றைக்குக் காசோடு வந்த சிலர் அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள், ஹாண்ட்பாக் அக்காவும். சிலர் கட்டினார்கள்.

சித்தப்பா முன்பே கட்டிவிட்டார். சில மாதத்தில் காசு எடுக்க முடியாமல் போனது, பிறகு செயலியே திறக்கவில்லை. இன்றுவரை அவர் சொல்வது என்ன தெரியுமா? "நீங்கள் எல்லாரும் சேர்ந்திருந்தால் அது நின்றிருக்கும்." அன்று காப்பாற்றிக்கொண்டவர்களில் ஒருவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. மருமகனின் வீட்டுப் பிறந்தநாளுக்கு எனக்கு மட்டும் அழைப்பில்லை. கலியாணம் கட்டாதவள், மற்றவர்கள் முன்னேறுவது பொறுக்காது என்று கதை. எங்கள் ஃப்ளாட்டிலும் இதே கதைதான். லிஃப்ட் திருத்த ஒரே ஒரு விலைமதிப்பை வைத்துக்கொண்டு கமிட்டி காசு கேட்கும், எல்லோரும் தலையாட்டுவார்கள், இன்னொரு விலை எடுத்தோமா என்று கேட்டால் நான் "பிரச்சினை பிடிச்ச பிள்ளை". இரண்டு வருடமாக லிஃப்ட் இன்னும் நாலாம் மாடியில் இடறித்தான் நிற்கிறது. சரி, அது வேறு விஷயம்.

இன்னொன்று. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் "ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஏமாறுகிறார்கள், உஷார்!" என்று அனுப்புகிறீர்களா? கொஞ்சம் யோசியுங்கள். அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் உள்ள தேசியப் பூங்காவில் ரொபேர்ட் சியால்டினி என்ற உளவியலாளரின் குழுவினர் அறிவிப்புப் பலகை வைத்துச் சோதித்தார்கள். "முன்பு வந்த பலர் துண்டுகளை எடுத்துப்போய்விட்டார்கள்" என்ற பலகை இருந்த இடத்தில் குறிபோட்டு வைத்த துண்டுகளில் கிட்டத்தட்ட 8 வீதம் களவுபோனது. எடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்ட இடத்தில் 2 வீதத்துக்கும் குறைவு. பலர் செய்கிறார்கள் என்று சொன்னால் காதில் விழுவது "பலர் செய்கிறார்கள்" என்பதுதான்.

உங்கள் ஆளிடம் தனியே கணக்குப் போட்டுக் காட்டி நேரத்தை வீணாக்காதீர்கள், நான் காட்டியாயிற்று. அடுத்த கூட்டத்துக்கு முன் சந்தேகத்தோடு இருக்கிற இன்னொருவரைக் கண்டுபிடியுங்கள், வயதில் மூத்தவராக இருந்தால் நல்லது. நீங்கள் கேட்கும்போது அவரும் வாய் திறக்கச் சம்மதம் வாங்கிவிட்டுப் போங்கள். ஆட்சேர்ப்பில் ஓடும் திட்டத்தை நடத்துவதும் விளம்பரப்படுத்துவதும் இலங்கையின் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். ஆட்களைச் சேர்க்கத் தொடங்கிய அத்தானிடம் இதை உடனே சொல்லுங்கள், கட்டிய காசைவிட அது அவசரம்.

"நான் மாதாமாதம் காசு எடுக்கிறேன், நீ பொறாமையில் எழுதுகிறாய்" என்று கீழே எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். உங்களுக்குக் கீழே சேர்ந்தவர்களில் எத்தனை பேர் போட்ட காசை எடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.